உங்களுக்குத் தெரியுமா? கடைமடையில் ஒரு கட்டைவிரல் கார்டு

அணையில் தண்ணீர் நின்றும் கடைசி வயல் காய்வது எப்படி என்று மணிமுத்தாறு கால்வாயின் நாலாவது ரீச்சை நம்பி விதைத்தவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். நாங்குநேரியில் என் வீட்டு இணையமும் அப்படித்தான் இருந்தது. கண்ணாடி இழை வாசல்வரை வந்துவிட்டது. திட்டம் 100 எம்பிபிஎஸ். அம்மாவின் போனில் 90-ஐத் தொடுகிறது. அதே மேசையில் இருக்கும் லேப்டாப்பில் 35-க்கு மேல் ஏறவில்லை. லைன் பார்க்க வந்த தம்பி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "லைன்ல கொறையில்ல அண்ணாச்சி. ஒங்க பெட்டிதான் வாங்க மாட்டேங்கு."

வாங்க மாட்டேன் என்றது பெட்டி அல்ல, அதற்குள் இருக்கும் வைஃபை கார்டு. இந்த முறைத் துணுக்குகள் அதைச் சுற்றித்தான்.

● இன்றைய லேப்டாப்பில் உள்ள வைஃபை கார்டின் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 30 மில்லிமீட்டர். அதனால் கடைக்காரர்கள் "2230" என்றே கேட்பார்கள். கட்டைவிரலின் மேல்கணு அளவுதான். ஒரே ஒரு ஸ்க்ரூ, மெல்லிய வயர் இரண்டு; அவ்வளவுதான் அதன் சொத்து. இந்த வகைக்கு எம்.2 என்று பெயர். சுமார் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முந்தைய லேப்டாப் என்றால் அதற்கும் மூத்த மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு இருக்கும். 30 மில்லிமீட்டர் அகலம். முழு நீளம் 51, பாதி நீளம் 27 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒன்றின் இடத்தில் மற்றது நேரடியாக உட்காராது. இடையில் பொருத்தும் அடாப்டர் பலகை கிடைக்கிறது. ஆனால் மூடியை மறுபடி மூட இடம் இருக்குமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

● 35 என்ற எண் எங்கிருந்து வந்தது? 2009-ல் முடிவான வைஃபை 4 தரத்தில், ஒரே ஆன்டெனா, 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்றால் கார்டும் ரவுட்டரும் பேசிக்கொள்ளும் உச்ச வேகம் 72 எம்பிபிஎஸ். அது காகிதக் கணக்கு. பாதிக்குப் பாதி "நான் பேசலாமா", "கிடைத்தது, அடுத்ததை அனுப்பு" என்ற சம்பிரதாயப் பேச்சிலேயே கரைந்துவிடும். மிச்சம் 35, 40. ஆக, அந்தக் கார்டு ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. பாவம், அதை நான் இரண்டு வருடம் திட்டினேன்.

● இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 5 கார்டு 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 867 எம்பிபிஎஸ் வரை பேசும். இரண்டு ஆன்டெனா வைஃபை 6 கார்டு 160 மெகாஹெர்ட்ஸில் 2,402. ஆனால் 100 எம்பிபிஎஸ் லைனுக்கு வைஃபை 5 கார்டே தாராளம். செத்துப்போன லேப்டாப்பிலிருந்து கழற்றிய நல்ல கார்டு சர்வீஸ் கடை டிராயரில் சும்மா கிடக்கும்; கேட்டால் சொற்ப விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். வாய்க்காலில் ஓரடித் தண்ணீர் ஓடும்போது ஆறடி மதகு கட்டுவது வீண்.

● கார்டு வாங்குவதற்கு முன் ரவுட்டரைப் பாருங்கள். லைனோடு தரப்படும் மலிவான பெட்டிகள் சில 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும். அப்படியானால் நீங்கள் எவ்வளவு நல்ல கார்டு மாட்டினாலும் அது பழைய வேகத்துக்கே இறங்கி வரும். வீட்டு வைஃபை பெயர் இரண்டாக, ஒன்றின் வாலில் "5ஜி" என்று ஒட்டிக்கொண்டு தெரிந்தால் கவலை இல்லை. அந்த 5ஜிக்கும் செல்போன் 5ஜிக்கும் ஒரு சொந்தமும் கிடையாது. அது 5 கிகாஹெர்ட்ஸ்.

● "வைஃபை" என்பதற்கு விரிவாக்கமே இல்லை. "வயர்லெஸ் ஃபிடெலிட்டி" என்று பொது அறிவுப் புத்தகங்களில் அச்சாகி, தேர்வு வினாவாகவும் வந்துவிட்டது. உண்மையில் 1999-ல் இன்டர்பிராண்ட் என்ற பெயர்சூட்டும் நிறுவனம் "ஹைஃபை" போல ஒலிக்கட்டும் என்று உண்டாக்கிய சொல் அது. 802.11 என்ற எண்ணைச் சொல்லி யார் விற்பது?

● அந்த எண்களின் குழப்பம் 2018 அக்டோபர்வரை நீடித்தது. அப்போதுதான் வைஃபை அலையன்ஸ் 802.11என்-ஐ வைஃபை 4, ஏசி-யை 5, ஏஎக்ஸ்-ஐ 6 என்று எண்ணிக் கொடுத்தது. வைஃபை 7-க்குச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது 2024 ஜனவரியில். பழைய கார்டின் மேல் ஒட்டிய தாளில் "பிஜிஎன்" என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 2.4 மட்டும் தெரிந்த கார்டு. கழற்றாமலே பார்க்க, விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர் வரிசையில் உள்ள பெயரைக் குறித்துக்கொண்டு தேடினால் போதும்.

● லேப்டாப்பின் ஆன்டெனா கார்டில் இல்லை. திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அங்கிருந்து இரண்டு வயர்கள் கீல் வழியாக இறங்கி, கீபோர்டுக்கு அடியில் வந்து கார்டில் முடிகின்றன. கீல் உடைந்த லேப்டாப்பில் வைஃபை திடீரென்று நோஞ்சானாகிவிட்டால் கார்டைக் குற்றம் சொல்லாமல் கீலைப் பாருங்கள். வயர் நசுங்கியிருக்கும்.

● அந்த ஆன்டெனா ஏன் அவ்வளவு சின்னது? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 12.5 சென்டிமீட்டர். ஆன்டெனாவுக்கு அதில் கால் பங்கு போதும்: மூன்று சென்டிமீட்டர் சொச்சம். 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒன்றரை சென்டிமீட்டர்.

இதே கால் பங்குக் கணக்கோடு இப்போது நாங்குநேரியிலிருந்து தென்கிழக்கே போவோம். இதே வட்டத்தில் விஜயநாராயணம். அங்கே கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன். 1990 அக்டோபர் 20-ல் தொடங்கப்பட்ட இந்த நிலையத்தின் வேலை, கடலுக்கடியில் இருக்கும் நம் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் சேதி அனுப்புவது. சாதாரண ரேடியோ அலை கடல்நீரில் இறங்கியதும் செத்துவிடும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் மட்டுமே பத்து இருபது மீட்டர் உள்ளே போகும். அதனால் இங்கே 18.2 கிலோஹெர்ட்ஸ். அந்த அலை ஒன்றின் நீளம் சுமார் பதினாறரைக் கிலோமீட்டர். ஆமாம், ஒரே ஓர் அலை. நாங்குநேரியிலிருந்து விஜயநாராயணம் போகும் தூரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அதற்குக் கால் பங்கு ஆன்டெனா கட்ட வேண்டுமென்றால் நாலு கிலோமீட்டர் உயரம் வேண்டும். யாரால் முடியும்? அங்குள்ள கோபுரத்தின் உயரம் 471 மீட்டர். இந்தியாவின் மிக உயர்ந்த கட்டுமானமாகப் பட்டியல்களில் இருப்பது அதுதான். இருந்தும் தன் அலைக்கு அது குட்டை. கால் அலைநீளத்தில் கிட்டத்தட்ட ஒன்பதில் ஒரு பங்கு. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் இத்தகைய நிலையங்களில் கோபுரங்களின் உச்சியை இணைத்துக் குடைபோலக் கம்பிகளை விரிக்கிறார்கள்.

● "விஜயநாராயணத்துக் கோபுரம் இருக்குல்லா, அதான் நம்ம ஊர்ல வைஃபை இழுக்கு" என்று ஒருவர் டீக்கடையில் அடித்துச் சொன்னார். இழுக்காது. வைஃபையின் அதிர்வெண் அதைவிட ஒரு லட்சத்து முப்பதாயிரம் மடங்கு அதிகம். தவிலும் கொசுவின் ரீங்காரமும் ஒன்றையொன்று எதிர்த்துக்கொள்வதுபோலத்தான். வேகக் கணக்கிலோ நம் பழைய கார்டே ராஜா: அத்தகைய தாழ் அதிர்வெண்ணில் நொடிக்குச் சில நூறு பிட்கள்தான் போகும். ஒரு வாட்ஸ்அப் படம் அனுப்ப மணிக்கணக்காகும்.

● ரேடியோ அலைகளுக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. திருநெல்வேலி வானொலியின் மத்திய அலை 1197 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் 250 மீட்டர். பாளையங்கோட்டையை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே 1992 முதல் 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்று, நிலத்திலிருந்து 60 முதல் 100 கிலோமீட்டர் உயரத்தில் அடிக்கும் காற்றை அளந்திருக்கிறது. ஏன் திருநெல்வேலி? பூமியின் காந்த நடுக்கோடு இந்தத் தென்கோடியை ஒட்டிப் போகிறது. கிருஷ்ணாபுரம் என்றால் வெங்கடாசலபதி கோயில் சிற்பங்கள் மட்டும் நினைவுக்கு வருபவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

● நாங்குநேரிச் சுங்கச்சாவடியில் உங்கள் கார்க் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கும் ஒரு ரேடியோதான். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ். அதற்குள் பேட்டரி கிடையாது. மேலேயுள்ள கருவி அனுப்பும் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு அந்த அலையிலேயே தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. 2021 பிப்ரவரி நடுவிலிருந்து தேசிய நெடுஞ்சாலைகளில் கட்டாயமானது.

● ஒரு காலத்தில் வைஃபைக்கும் உரிமம் பற்றிய கேள்வி இருந்தது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு விதி வெளியிட்டது 2005 ஜனவரியில். 5 கிகாஹெர்ட்ஸுக்குப் பெரிய கதவு திறந்தது 2018 அக்டோபரில்: மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ். 2.4-ல் நமக்குக் கிடைத்திருப்பது 83.5 மட்டுமே. சந்துக்கும் நான்குவழிச் சாலைக்கும் உள்ள வித்தியாசம்.

● அந்தச் சந்தில் 13 சேனல்கள் இருப்பதாகக் கணக்கு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்; சமிக்ஞையின் அகலமோ 20. எனவே ஒன்றையொன்று இடிக்காமல் நிற்க வழக்கமாக எடுத்துக்கொள்பவை 1, 6, 11 என்ற மூன்றே. தெருவில் பத்து வீட்டில் ரவுட்டர் இருந்தால் மூன்று மடையில் பத்து வயல்.

● 5 கிகாஹெர்ட்ஸில் சில சேனல்கள் வானிலை ரேடார்களுக்கும் பொது. அவற்றில் பேசுவதற்கு முன் ரவுட்டர் குறைந்தது 60 நொடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். ரேடார் அலை தெரிந்தால் உடனே இடம் மாற வேண்டும். மலைக்கு அந்தப்பக்கம் தும்பாவில் இருக்கும் வானிலை ரேடாரும் இந்த 5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய சி-பேண்ட் குடும்பம்தான். ரவுட்டரை ஆன் செய்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் தாமதமாகத் தெரிகிறதே என்று யோசித்தவர்களுக்கு, காரணம் இதுவாக இருக்கலாம்.

● கார்டு பெட்டியில் "6இ" என்று போட்டிருந்தால் 6 கிகாஹெர்ட்ஸும் தெரியும் என்று பொருள். இந்தியாவில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை வீட்டுக்குள் குறைந்த சக்தியில் பயன்படுத்த விடுவதற்கான வரைவு விதியைத் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வெளியிட்டது. கார்டு மட்டும் இருந்தால் போதாது. விண்டோஸ் 10-ல் 6 கிகாஹெர்ட்ஸ் வேலை செய்யாது, 11 வேண்டும். ரவுட்டரும் வேண்டும். இன்றைக்கு அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் இன்டெல் ஏஎக்ஸ்210 போன்ற 6இ கார்டுக்கும் வெறும் 6-க்கும் விலை வித்தியாசம் அற்பம் என்றால், இருந்துவிட்டுப் போகட்டும்.

● இனி வில்லங்கங்கள். கார்டு சரியாகப் பொருந்தும், ஸ்க்ரூவும் இறங்கும், லேப்டாப் மட்டும் கிளம்பாது! பழைய தின்க்பேட்களில் புதுக் கார்டு மாட்டினால் கறுப்புத் திரையில் 1802 என்ற எண்ணும், அனுமதியில்லாத நெட்வொர்க் கார்டு, கழற்று என்ற கட்டளையும் வரும். எச்பி லேப்டாப்கள் சிலவற்றில் அந்த எண் 104. பயாஸுக்குள் அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் பெயர் இல்லாதவருக்கு வாசலிலேயே தடை. ரேடியோவையும் ஆன்டெனாவையும் சேர்த்தே அரசுகளிடம் சான்றிதழ் வாங்குகிறோம், இன்னொரு ரேடியோ மாட்டினால் அது செல்லாது என்பது நிறுவனங்கள் சொன்ன காரணம். அவர்களே விற்கும் கார்டையே வாங்க வேண்டியிருந்தது என்பது வாங்கியவர்கள் கண்ட பலன். புதிய மாடல்கள் பலவற்றில் இந்தக் காவல் இல்லை. பழைய மாடல் வைத்திருப்பவர் தன் மாடல் எண்ணோடு அதன் பழுதுபார்ப்புக் கையேட்டைத் தேடினால் எந்தெந்தக் கார்டு செல்லும் என்ற பட்டியல் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

● இரண்டாவது வில்லங்கம் இன்னும் நைச்சியமானது. ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211. எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம். உருவம் ஒன்று, துளை ஒன்று, விலையில் 211 சற்று மலிவாகக்கூட இருக்கும். ஆனால் 210 முழுக் கார்டு. 211 பாதிக் கார்டு. அதன் மூளைப் பகுதியை இன்டெல் தன் புதிய புராசசர் பக்கமே எடுத்து வைத்துக்கொண்டது. கார்டில் ரேடியோ மட்டும்தான் மிச்சம். சிஎன்விஐ என்பார்கள். அதற்குரிய இன்டெல் லேப்டாப் அல்லாமல் வேறு எதில் மாட்டினாலும் பிணம்போலக் கிடக்கும். ஏஎக்ஸ்200-க்கும் 201-க்கும் இதே கதை. கடைசி எண் 1 என்றால் கையை எடுத்துவிடுங்கள். ஏஎம்டி லேப்டாப்காரர்கள் இரண்டு முறை எடுங்கள்.

● மெலிந்த லேப்டாப்கள் பலவற்றில் வைஃபை சிப் மதர்போர்டோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். கழற்றவே முடியாது. மலிவான சில லேப்டாப்களில் கார்டு கழலும். ஆனால் திரையிலிருந்து ஒரே ஒரு ஆன்டெனா வயர்தான் வரும். இரட்டை ஆன்டெனா கார்டு மாட்டினாலும் பாதி வேகம்தான். அந்த ஒற்றை ஆன்டெனாவும் 2.4-க்கு மட்டும் செய்யப்பட்டதாக இருந்தால் 5-ல் திணறும். எனவே முதலில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பிறகு ஆர்டர் போடுவதுதான் முறை. நம் ஊரில் எல்லாரும் தலைகீழாகச் செய்வோம்.

● ஆன்டெனா வயரின் நுனியில் உள்ள வட்டப் பித்தான்தான் மொத்த வேலையிலும் நோஞ்சான். கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. பழைய மினி கார்டுகளில் இருப்பது ஒரு அளவு, எம்.2 கார்டுகளில் இருப்பது அதைவிடச் சின்னது. ஒன்றில் மற்றது மாட்டாது. பழைய அளவுப் பித்தானைத் தயாரிப்பாளர் கணக்கில் 30 தடவைதான் மாட்டிக் கழற்றலாம். நிமிர்ந்து நேர்மேலே தூக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் கார்டிலுள்ள முளை பெயர்ந்துவிடும். எனக்குத் தெரியும். என் முதல் கார்டை வாங்கிய அன்றே அப்படித்தான் கொன்றேன். மாட்டும்போதும் சரியாக மேலே வைத்து, நகத்தால் ஒரே அழுத்து. "டிக்" என்று ஒரு சின்ன ஓசை வரும். வராவிட்டால் உட்காரவில்லை.

● எந்த வயர் எங்கே? கார்டில் மெயின், ஆக்ஸ் என்று இரண்டு முளைகள். வயரின் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒன்றில் வெள்ளையும் கறுப்பும், இன்னொன்றில் சாம்பலும் கறுப்பும். மனப்பாடம் செய்வதைவிடக் கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது மேல். மாற்றி மாட்டினால் வெடித்துவிடாது. ஆனால் சில லேப்டாப்களில் ப்ளூடூத் பலவீனமாகும்.

● ப்ளூடூத் எங்கிருந்து நடுவில் வந்தது என்கிறீர்களா? அதுவும் இதே கார்டில்தான் இருக்கிறது. அதனால் வைஃபை கார்டை மாற்றினால் ப்ளூடூத்தும் புதிதாகும். கேட்காமலே கிடைக்கும் கொசுறு. ஆனால் வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகவும், ப்ளூடூத் அதே துளையில் உள்ள யுஎஸ்பி கம்பிகள் வழியாகவும் பேசும். சில பழைய லேப்டாப்களில் அந்த யுஎஸ்பி கம்பியே இணைக்கப்பட்டிருக்காது. வைஃபை ஓடும், ப்ளூடூத் ஊமை. கார்டைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு ஓடாதீர்கள்.

● மினி கார்டில் 20-ஆம் முள் ஒரு சுவிட்ச். அதன் மின்னழுத்தம் இறங்கினால் ரேடியோ அணைய வேண்டும் என்பது விதி. லேப்டாப் ஓரத்தில் முன்பெல்லாம் இருந்த வைஃபை பொத்தான் இதைத்தான் இழுக்கும். புதுக் கார்டு மாட்டியும் "வைஃபை ஆஃப்" என்றே அடம்பிடிக்கும் லேப்டாப்களில், கைதேர்ந்த மெக்கானிக்குகள் அந்த ஒரு முள்ளின் மேல் நூலகலம் செலோ டேப் ஒட்டிவிட்டு வெற்றிச் சிரிப்பு சிரிப்பார்கள். பார்த்தால் மாந்திரீகம்போல இருக்கும்.

● வரிசை மாறினால் தவிப்பு. புதுக் கார்டின் டிரைவரை முதலிலேயே பென்டிரைவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு டிரைவர் வேண்டும். பிறகு லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி வயரைப் பிடுங்குங்கள். இரும்பு பீரோவைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். மூடியின் ஓரத்தைப் பிரிக்கக் கத்தி வேண்டாம். காலாவதியான ஏடிஎம் கார்டு அருமையான ஆயுதம். ஸ்க்ரூவை எடுத்ததும் கார்டு தானாகச் சாய்வாக எழும்பி நிற்கும். அந்தச் சாய்விலேயே பழையதை இழுத்து, அதே சாய்வில் புதியதைச் செருகி, பிறகு படுக்க வைக்க வேண்டும். கைப்பழக்கம் இருந்தால் கால் மணி நேரம். எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அதில் முக்கால் மணி நேரம் கட்டிலுக்கடியில் ஸ்க்ரூ தேடியது.

● தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா தொடங்கியது. கொள்முதல் எல்காட் மூலம். பத்தாண்டுக்குள் சுமார் அரை கோடி மாணவர்கள் கைக்கு லேப்டாப் போனது. அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததை எத்தனை பேர் திறந்து பார்த்தீர்கள்? அது சென்னை சி-டாக்கில் உருவானது. அந்த லேப்டாப்களில் பல, இன்றும் இந்தப் பக்கத்து வீடுகளில் பீரோ மேல் தூங்குகின்றன. இப்படித் தூங்குவதை எழுப்ப ஒரு எஸ்எஸ்டியும், ரேமும், வைஃபை கார்டும் போதும்; பிள்ளைகள் டிஎன்பிஎஸ்சி வீடியோ பார்க்க அதற்குமேல் எதற்கு?

● லினக்ஸ்காரர்களுக்கு: ஏஎக்ஸ்210 வேலை செய்யக் கெர்னல் 5.10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். இன்டெல் கார்டுகளின் டிரைவர் கெர்னலோடே வந்துவிடும் என்பது பெரிய நிம்மதி. வேறு சில நிறுவனக் கார்டுகளில் டிரைவருக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்கள் உண்டு.

● கார்டு நன்றாக இருந்தும் பென்டிரைவோ ஹார்டு டிஸ்க்கோ செருகியதும் வைஃபை தடுமாறுகிறதா? யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமாக ரேடியோ இரைச்சலைக் கக்கும். இதை 2012-ல் இன்டெல் நிறுவனமே அளந்து அறிக்கையாக வெளியிட்டது. நீல நிறத் துளையை விட்டு அடுத்த பக்கத்துத் துளையில் செருகிப் பாருங்கள், அல்லது 5-க்கு மாறிவிடுங்கள். சமையலறையில் மைக்ரோவேவ் அவன் சுற்றும்போது இழுப்பதும் இதே வகைதான். அதன் அதிர்வெண் 2.45.

● காலத்தில் பின்னால் போவோம். லேப்டாப்புக்குள் வைஃபை கார்டு போடலாம் என்று உலகத்துக்குக் காட்டியது 1999 ஜூலையில் ஆப்பிளின் ஐபுக். மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதை ஒரு வளையத்துக்குள் விட்டு எடுத்து, பாருங்கள் வயர் இல்லை என்று காட்டினார். மந்திரவாதி செய்வதுபோல. அந்தக் கார்டு தனி விலை, 99 டாலர். வாங்கியவரே கீபோர்டைத் தூக்கி மாட்டிக்கொள்ளலாம். 2003 மார்ச்சில் இன்டெல் சென்ட்ரினோ வந்த பிறகுதான் வைஃபை லேப்டாப்போடு பிறந்தது.

● வைஃபையின் கணக்கில் கொஞ்சம் கருந்துளை கலந்திருக்கிறது. ஆஸ்திரேலிய வானியலாளர் ஜான் ஓ'சல்லிவன் வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளின் ரேடியோ சமிக்ஞையைத் தேடினார். கிடைக்கவில்லை. தேடலில் பழகிய கணிதத்தைக் கொண்டு, அறைச் சுவர்களில் மோதிக் குழம்பும் அலைகளைத் தெளிவாக்கும் முறையை அவரும் சகாக்களும் சிஎஸ்ஐஆர்ஓ-வில் உருவாக்கினர். 1996-ல் அமெரிக்கக் காப்புரிமை. வழக்குகள் நடந்து முடிந்தபோது அந்த அரசு நிறுவனத்துக்கு 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் வந்தது.

● நடிகை ஹெடி லாமர் வைஃபையைக் கண்டுபிடித்தார் என்ற ஃபார்வேர்டு வந்தால் பாதி மட்டும் நம்புங்கள். அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தீலும் 1942 ஆகஸ்டில் காப்புரிமை பெற்றது, எதிரியால் குழப்ப முடியாதபடி டார்பிடோவின் ரேடியோ அதிர்வெண்ணைத் தாவித் தாவி மாற்றும் முறைக்கு. பியானோவின் 88 கட்டைகளைப்போல 88 அதிர்வெண்கள். இன்று அப்படித் தாவுவது வைஃபை அல்ல, அதே கார்டில் குடியிருக்கும் ப்ளூடூத்: 79 தடங்களில், நொடிக்கு 1,600 தாவல்.

● இவர்கள் எல்லாருக்கும் முன்னால் நம்மவர் ஒருவர். 1890-களில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 60 கிகாஹெர்ட்ஸ் அளவுக்கு, அதாவது ஐந்து மில்லிமீட்டர் அலைகளை உண்டாக்கிப் பிடித்துக் காட்டினார். வைஃபைக்காரர்கள் அந்த அதிர்வெண்ணுக்கு வந்து சேர நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

● கார்டு மாற்றுவதற்குப் பதில் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் போதாதா? போதும், ஒரு துளையை நிரந்தரமாக விட்டுக்கொடுக்கத் தயார் என்றால். ஆன்டெனா அதன் நகத்தளவு உடம்புக்குள்ளேயே இருப்பதால் பக்கத்து அறையில் சற்றுச் சோர்ந்துவிடும். மேசை நகராத வீட்டுக்கு இரண்டையும்விட ஐந்து மீட்டர் லேன் வயர் சிறந்தது. பிளாஸ்டிக் கொக்கி உடையும்வரை தொல்லை இல்லை. பழைய மலிவு லேப்டாப்களில் லேன் துளையும் 100 எம்பிபிஎஸ்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

● இரண்டாவதாக வாங்கிய கார்டு, வைஃபை 5, பழசு. என் லேப்டாப்பில் இப்போது 93 காட்டுகிறது. லைன் பார்க்கும் தம்பி மறுபடி வந்தபோது பெருமையாகக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கு அண்ணாச்சி, கவர்மென்ட் லேப்டாப்பு, நீங்களே மாத்திக் குடுத்திருங்க" என்றார். முளை பெயர்ந்த அந்த முதல் கார்டு தீப்பெட்டிக்குள் இருக்கிறது. அம்மா அதைச் சிம் கார்டு என்று நினைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார்.